சில்லறை சிகரெட்டை விடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பலர் சிகரெட்டைப் பாக்கெட்டாக வாங்குவதில்லை, ஸ்பாசா எனும் சின்னத் தெருக்கடையில் ஒவ்வொன்றாகத்தான் வாங்குகிறார்கள். கையை விட்டுப் போவது சில்லறை ராண்ட் என்பதால் மாதச் செலவு கண்ணில் படுவதே இல்லை. தெரிந்தாலும் விட முடியாததற்குக் காரணம் மனவுறுதிக் குறைவு அல்ல. ரத்தத்தில் நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். உடனே பதற்றமும் எரிச்சலும் கிளம்பும், அடுத்த சிகரெட் அதை அடக்கும். 2020 பொதுமுடக்கத்தில் அரசு விற்பனையையே தடை செய்தபோதும், பலர் கள்ளச் சந்தையில் கூடுதல் விலை கொடுத்துப் புகைத்தார்கள்.

புரட்டாசி விரதத்தோடு நிறுத்துவது நல்ல தொடக்கம். ஆனால் விரதம் முடிந்தபின் வரும் முதல் பிராய் (இறைச்சி சுடும்) விருந்துக்கு இப்போதே திட்டம் வேண்டும்.

மருந்துக்கடையில் நிகோட்டின் சூயிங்கம் வாங்குங்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. மிட்டாய் சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும். பலர் இதைத் தூக்கி எறிவது இதனால்தான். காரம் தெரியும்வரை மெதுவாக மெல்லுங்கள், பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். மொத்தம் அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, கோலா, பழச்சாறு கூடாது, அமிலம் உறிஞ்சலைக் கெடுக்கும். ஒரு நாளில் 24 சூயிங்கத்தைத் தாண்டாதீர்கள். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

முதல் சில நாள்தான் மிகக் கடினம். இடையில் ஒன்று பிடித்துவிட்டால் அடுத்த திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போடாமல், அந்த நிமிடமே மறுபடி நிறுத்துங்கள்.