'தி பார்டர்லேண்ட்ஸ்' பார்த்துவிட்டுப் பேச உட்காருவது எப்படி

முதலில் சரியான படத்தைத் தேடி எடுங்கள். 'பார்டர்லேண்ட்ஸ்' என்று மட்டும் தட்டினால் 2024இல் வந்த வீடியோ கேம் படம்தான் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது 2013இல் எலியட் கோல்ட்னர் எடுத்த பிரிட்டிஷ் திகில் படம், அமெரிக்காவில் 'ஃபைனல் பிரேயர்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் அந்த 2024 படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வந்து, "இதுல சர்ச்சே இல்லியே அண்ணே" என்றான்.

கதை தெரியாமல் வருகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கோயில், அங்கே ஒரு குழந்தையின் ஞானஸ்நான வீடியோவில் பீடத்தின் மேலிருந்த சாமான்கள் தானாக நகர்கின்றன. பங்குச் சாமியார் அற்புதம் என்கிறார், வத்திக்கான் விசாரிக்க ஆள் அனுப்புகிறது. வருகிற மூன்று பேரில் டீக்கன் நிறையப் பார்த்துச் சலித்த துறவி, குடிக்கவும் செய்வார். மார்க் சட்டம் பேசும் சாமியார். கிரே என்பவர் கேமரா மாட்ட வந்த டெக்னீஷியன். எல்லாரும் தலையில் கேமரா மாட்டியிருப்பதால் நாம் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள் பார்ப்பதைத்தான். இன்னொன்று, டீக்கன் என்பது அவருடைய பெயர், திருச்சபையில் கொடுக்கும் டீக்கன் பட்டம் இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், எங்கள் வீட்டில் இதிலேயே பத்து நிமிடம் போயிற்று.

அடுத்தது பேச்சை எங்கே தொடங்குவது என்பது. "பயமா இருந்துதா?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு அதைவிட நல்ல வாசல் இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளைக்கு 2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் புனிதருக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம், 2022 மே 15இல் ரோமில் புனிதர் பட்டம் கிடைத்தது நமக்குத் தெரியும். இந்தப் பட்டங்களுக்காகக் காட்டும் ஓர் அற்புதத்தை, நோய் குணமானது போன்றதை, ரோம் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை, டாக்டர்கள் வேறு காரணம் உண்டா என்று துருவிய பிறகுதான் இறையியலாளர்களிடமே போகும் என்பதும் தெரியும். ஆகவே இந்த மூன்று பேர் செய்கிற வேலை நமக்குப் புதிதல்ல. சந்தேகப்படுவதே அவர்களுக்கு ஊழியம். அங்கிருந்து தொடங்கினால் பக்திக்காரர், பக்தி இல்லாதவர் இரண்டு பேருக்கும் பேச இடம் கிடைக்கும்.

நாங்கள் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். புனிதர் பட்ட விசாரணையில் எதிர்வாதம் செய்ய ஓர் அதிகாரி இருந்தார், ஜனங்கள் அவரைப் பிசாசின் வக்கீல் என்பார்கள். 1983இல் போப் இரண்டாம் ஜான் பால் அந்தப் பொறுப்பை வெகுவாகக் குறைத்துவிட்டார். கூட்டத்தில் ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள். படத்தில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் அவர் ஏதோ ஏமாற்று வேலை என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும்: மறைத்துவைத்த ஸ்பீக்கர், ஊர்ப் பையன்களின் வேலை, சாமியாரின் சூழ்ச்சி. பாறசாலையிலிருந்து வந்த மலையாளி நண்பர் இதை ஏற்றுக்கொண்டு, ஞானஸ்நானக் காட்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, பீடத்துத் துணியின் மடிப்பைக் காட்டி, நூல் கட்டியிருக்கலாம் என்று வாதாடினார். பக்கத்தில் இருந்த அம்மச்சி மரச்சீனிக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே, "லே மக்கா, நூல விடு. அந்த ஃபாதர் கண்ணு சரியில்லல்லா" என்றாள். அதன் பிறகு அந்தச் சாமியாரைத் தவிர வேறு யாரைப் பற்றியும் பேச்சு வரவில்லை. விடுங்கள், இப்படிப் பேச்சு தடம் மாறினால் இழுத்துப் பிடிக்காதீர்கள்.

பாதி தாண்டினால் கோயில் நிற்கும் நிலத்தின் பழைய வழிபாடு பற்றிய பேச்சு படத்தில் வரும். அந்த இடத்தில் நம் குமரி மாவட்டத்துச் சிதறால் மலையை ஞாபகப்படுத்துங்கள். சமணர் குடைந்த மலையில் பிற்பாடு பகவதி குடியேறினாள், இன்றும் பாறைச் சுவரில் தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருக்க பக்கத்தில் பகவதிக்கு விளக்கு எரிகிறது. நம் மலையில் பழைய சாமியும் புதிய சாமியும் ஒத்துப்போய்விட்டன. படத்தில் ஏன் முடியவில்லை என்று கேளுங்கள், அரை மணி நேரம் தாங்கும்.

எச்சரிக்கை ஒன்று: ஆட்டுக்குட்டி, கோழி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், மூவரும் தங்கியிருக்கும் வீட்டுக்கு வெளியே ராத்திரி ஒரு ஆட்டுக்கு நடப்பதைக் காட்டாமல் தாண்டிவிடுங்கள். எனக்கே அது தேவையில்லாத காட்சியாகத்தான் பட்டது.

கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. முன்பே பார்த்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட்போன் இல்லாவிட்டாலும் மின்விசிறியையாவது நிறுத்துங்கள், ஏனென்றால் சுவருக்குள்ளிருந்து வரும் சத்தங்களில்தான் முடிவின் பாதி இருக்கிறது. முடிந்ததும் உடனே லைட் போடாதீர்கள். பால் விடாத கட்டஞ்சாயா ஒரு சுற்று வரட்டும். அப்புறம் ஒரே கேள்வி: முதலில் எந்தச் சத்தத்தைக் கட்டடத்தின் சத்தம் என்று நினைத்தீர்கள்? எங்கள் வீட்டில் பிசாசின் வக்கீல்தான் முதலில் கையைத் தூக்கினார்.