ஊருக்குப் போகிறீர்களா? மேக்ரோ லென்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்கள் இந்தியாவுக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். கோயில்கள், சேலைக் கடைகள், தாத்தாவின் தாத்தா கப்பலேறிய ஊர் என்று திட்டம் நிறைந்துவிடும். அதில் இரண்டு காலைப்பொழுதை மட்டும் வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

புறப்படும் முன் இங்கேயே பழகிக்கொள்ளலாம். நாம் ஆப்பிரிக்கன் மோனார்க் என்று சொல்லும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியும் தமிழ்நாட்டின் வெந்தய வரியனும் ஒரே இனம். இங்கே எலுமிச்சை மரத்தைச் சுற்றும் சிட்ரஸ் ஸ்வாலோடெய்லுக்கு அங்கே எலுமிச்சை அழகி என்றொரு பங்காளி உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் புரியும். டர்பன் தோட்டத்தில் இவற்றை ஒரு மாதம் துரத்தாமல் படம் எடுத்துப் பழகியவருக்கு ஊரில் வேலை சுலபம்.

துரத்தாமல் என்றதை அழுத்திச் சொல்கிறேன். என் முதல் பயணத்தில் ஏலகிரியில் ஒரு நாள் முழுக்க ஓடினேன். நானூறு படங்களில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. மறுமுறை திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தின் ஓரத்தில், எருக்கஞ்செடிக்கு முன்னால் காலை ஆறரைக்கே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை வண்ணத்துப்பூச்சியால் பறக்க முடியாது. பனி ஈரத்தோடு இலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரம்தான்.

வெந்தய வரியனை அப்போது அருகில் பாருங்கள். கறுத்த தலையிலும் நெஞ்சிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். உறிஞ்சுகுழல் கடிகாரச் சுருள்வில் மாதிரி சுருண்டிருக்கும். கால்கள் நான்குதான் கண்ணில் படும். முன்னங்கால் இரண்டும் சிறுத்து நெஞ்சோடு மடிந்துவிட்டவை. அதே செடியில் மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டைகளோடு புழுவும் கிடைக்கும். எருக்கம்பால் மட்டும் கண்ணில் பட்டுவிடக் கூடாது, பார்வைக்கே ஆபத்து. இலையைத் தொட்ட கையோடு வியூஃபைண்டரைத் துடைக்காதீர்கள்.

மிக நெருங்கிப் படம் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸின் குவியத்தூரம் 90 முதல் 105 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். பூச்சியை அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் பதிக்கும்போது, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் மூடிய இறக்கைக்கு கேமராவை இணையாகப் பிடியுங்கள், கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள். ஃப்ளாஷ் போட்டால் அதன் முன் வெள்ளைத் துணியோ டிஷ்யூவோ கட்டுங்கள். இல்லாவிட்டால் இறக்கைச் செதில்கள் தகரம்போல் மின்னும். போன் மட்டும் இருக்கிறதா? கிளிப் லென்ஸ் மாட்டி எடுங்கள், புழுக்களுக்கு அது நன்றாகவே போதும்.

இன்னொன்று, வெளிச்சம். டர்பனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தலைக்கு மேலேயே நிற்கும். தமிழ்நாட்டில் அதே மாதம் தெற்கே சாய்ந்தே போகும், நிழல் வடக்கே விழும். செடிக்குத் தெற்கே நின்றால் உங்கள் நிழல் பூச்சிமேல் விழுந்து அது எழுந்துவிடும். பக்கவாட்டில் வாருங்கள். சாய்ந்த வெயில் என்பதால் இங்கே நாம் பத்து மணிக்கே மூட்டை கட்டுவதுபோல் அங்கே கட்ட வேண்டியதில்லை.

நம் முன்னோர்களில் பலர் வட ஆற்காடு, செங்கல்பட்டுச் சீமையிலிருந்து சென்னைக்கு வந்து கப்பலேறியவர்கள். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஏலகிரியும் ஜவ்வாது மலையும் எட்டும் தூரம். திருச்சிக்குப் போனால் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப்போக ஏற்ற இடம். அக்டோபர், நவம்பரில் போக முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கிழக்கு மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கிக் கருநீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் போகும் காலம் அது. வழியில் கிலுகிலுப்பைச் செடி கண்டால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், அதன் சாற்றுக்காகவே மொய்க்கும். மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனைக் காண மேற்கு மலைக் காடுகளுக்குத்தான் போக வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். அது யானை நடமாடும் இடம்.

அந்துப்பூச்சிக்கு அலையவே வேண்டாம். மலையடிவார விடுதியில் இரவெல்லாம் விளக்கெரிந்த வெள்ளைச் சுவரை, பல்லியும் காக்கையும் வருமுன் விடியற்காலையில் பாருங்கள். பகலில் அரளிச் செடியில் தேடினால் விரல் பருமனில் பச்சைப் புழு, நெஞ்சில் இரண்டு நீலக் கண்களோடு இருக்கும். அரளிப் பருந்து அந்து அது. நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்திலும் உண்டு.

பயணப் பையைப் பற்றிச் சில வார்த்தைகள். டிரோன் வேண்டாம். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை. டிராக்கன்ஸ்பெர்க் மலையேற்றத்துக்குக் கொண்டுபோகும் சாட்டிலைட் தொடர்புக் கருவியையும் வீட்டிலேயே வையுங்கள், அங்கே அனுமதியின்றி வைத்திருந்தால் கைதுவரை போகும். நம் பெரிய மூன்று முனை பிளக், ஏசிக்கும் கீசருக்கும் வைத்திருக்கும் பெரிய சாக்கெட்டில் பொருந்தும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் கேமராப் பையைத் திறக்காதீர்கள், லென்ஸ் வியர்த்துவிடும். அரை மணி பொறுங்கள். செத்துக் கிடக்கும் இறக்கையைக்கூட நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பல வண்ணத்துப்பூச்சிகளும் அடக்கம். ஏரிக்கரை ஈரமண்ணில் உப்பு உறிஞ்ச ஆண் பூச்சிகள் கூட்டமாக உட்காரும். ஆனால் பெண்கள் குளிக்கிற துறை பக்கத்தில் இருந்தால் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது.

கொல்லையில் நுழையுமுன் கேளுங்கள். நான் எருக்கு முன் குந்தியிருந்தபோது ஓர் ஆயா வந்து நின்றார். "என்னாப்பா தேடுற, எதுனா வுழுந்துடுச்சா?"

"இல்ல ஆயா, பூச்சியப் படம் புடிக்கிறேன்."

"பூச்சிதான? எங்கூட்டுக் கருவேப்பிலைய வந்து பாரு, தின்னே தீத்துடுச்சி."

போனேன். இலைமேல் பறவை எச்சம்போல் கிடந்தவை கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுக்கள். வளர்ந்த பச்சைப் புழு ஒன்றைக் குச்சியால் மெல்லத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்றை நீட்டியது, புளித்த நாற்றம். "மருந்து அடிச்சிடாதீங்க ஆயா" என்று கேட்டுக்கொண்டேன்.

ஊர் திரும்புமுன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வெந்தய வரியன் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நாலு காலுதான் இருக்குது. மீதி ரெண்டு எங்கப்பா?"

நெஞ்சில் மடிந்திருந்த அந்த இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.