முதல் சூப்பர்மோட்டோ டிராக் வார இறுதி: கிளம்புவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

டிராக்குக்குப் போகிற முதல் வார இறுதி பெரும்பாலும் வியாழக்கிழமை இரவே கெட்டுப்போகிறது. கோலாலம்பூரின் செந்தூலில் யாரோ ஒரு நண்பரின் பட்டறையில் இரவு 12 மணிக்குப் புது டயர் ஏறிக்கொண்டிருக்கும், செயின் இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள், பூட்ஸ் தபாலில் வந்து சேர்ந்திருக்காது. சனிக்கிழமை காலை செப்பாங்கில் முதல் இரண்டு செஷனைத் தவறவிடுவது இவர்கள்தான். எனக்கு இதில் ஒரே ஒரு கணக்குத்தான் உண்டு: அந்த இரண்டு நாளில் எவ்வளவு நேரம் சீட்டில் உட்கார்ந்து சுற்றினீர்கள் என்பது. வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போகும் தவறுகள் எல்லாம் அந்த நேரத்தைத் தின்பவை, ஒன்றிரண்டு எலும்பையும் உடைப்பவை.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1979-ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காகக் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் ஒரு போட்டி நடத்தினார்கள், தார்த்தடக்காரர், மண்தடக்காரர், மோட்டோகிராஸ்காரர் எல்லாரையும் ஒரே தடத்தில் இறக்கி யார் கெட்டிக்காரர் என்று பார்க்க. அங்கே பிறந்தது இது, பிறகு பிரான்ஸ்தான் இதை வளர்த்தது. உயரமான மண்தட வண்டி, அதில் 17 அங்குலச் சக்கரம், தார் டயர். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முழுத் தார்த்தடம், அதாவது செப்பாங் அனைத்துலகத் தடத்தின் வளாகத்தில் இருப்பது போன்ற கார்ட் தடம். 5.543 கிலோமீட்டர் பெரிய தடத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் கார்ட் தடத்தில் மூச்சுவிட ஒரு நேர்ப்பாதை கிடைப்பதே அரிது. ஒரு வளைவிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்ததற்குப் பிரேக் பிடித்தாக வேண்டும். கீழே சொல்வதில் பாதி இந்த ஒரு காரணத்தால்தான்.

வண்டியிலிருந்து தொடங்குவோம். முதல் முறை போகிறவர் 450 சிசி பந்தய வண்டி வாங்க வேண்டாம். ஹஸ்க்வர்னா எஃப்எஸ் 450 மாதிரி வண்டிகளைப் பார்த்தால் ஆசை வரும், எனக்கும் வந்தது, ஆனால் அந்த இன்ஜினுக்குப் பராமரிப்பு கிலோமீட்டரில் கிடையாது, மணிக்கணக்கில்தான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், பிஸ்டனுக்கும் மணிக்கணக்கு உண்டு, த்ராட்டலைக் கொஞ்சம் அதிகமாகத் திருகினால் நீங்கள் கற்றுக்கொள்ள அவகாசமே தராது. பி2 லைசன்ஸுக்குள் அடங்கும் 250 சிசி போதும். கவாசாகி டி-டிராக்கர் தொழிற்சாலையிலிருந்தே 17 அங்குலச் சக்கரத்தோடு வந்த வண்டி. கேஎல்எக்ஸ், சிஆர்எஃப் மாதிரி மண்தட வண்டி வைத்திருப்பவர்கள் சக்கரம் மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அப்படி மாற்றும்போது முன் பிரேக் டிஸ்க்கையும் பெரிதாக்காமல் விடுவது தவறு. மண்ணில் போதுமாக இருந்த டிஸ்க் தாரில் போதாது.

பிரேக் என்று வந்துவிட்டதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், என் முதல் வார இறுதி இதில்தான் போனது. இரண்டாவது செஷனின் நடுவில் முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி ஆகி, ஹேண்டில் வரை வந்து ஒட்டிக்கொண்டது. வண்டியை விற்றவர் "எல்லாம் புதுசு அண்ணே" என்று சொல்லியிருந்தார், நானும் திறந்து பார்க்கவில்லை. டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? சாலையில் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது, பிரேக் ஆறுவதற்கு நேரம் இருக்கிறது. கார்ட் தடத்தில் ஆறுவதற்கு நேரமே இல்லை, ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிறது, நீங்கள் அழுத்துவது அந்தக் குமிழியைத்தான். ஒரு போத்தல் ஆயிலும் பட்டறையில் அரை மணி நேரமும் இருந்தால் தீர்கிற விஷயம். போவதற்கு முந்தின வாரம் முன்னும் பின்னும் பிரேக் ஆயில் மாற்றி, குழாயில் இருக்கும் காற்றை முழுக்க எடுத்து, பேடு எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று டாட் 5 ஊற்றிவிடாதீர்கள், அது சிலிகோன், டாட் 4-உடன் கலக்கக் கூடாது.

டயரில் பணம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்கள் பந்தயக்காரர்கள் கழற்றிப் போட்ட பழைய ஸ்லிக்கை வாங்குகிறார்கள். பள்ளமில்லாமல், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பலமுறை சூடேறி ஆறிய ரப்பர் கெட்டியாகியிருக்கும், அதை மறுபடி சூடேற்றும் அளவுக்குப் புதியவரால் ஓட்டவும் முடியாது. நல்ல ஸ்போர்ட் சாலை டயர் வாங்குங்கள், ஒரு சுற்றிலேயே வேலை செய்யத் தொடங்கும், மழை வந்தாலும் ஓட்டலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம் செய்தது. கடையில் அதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். காற்றழுத்தத்தைச் சாலையில் வைப்பதைவிடச் சில பிஎஸ்ஐ குறைவாகத் தொடங்கி, செஷன் முடிந்து வந்த உடனே சூட்டோடு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எப்போதும் ஒரே கேஜ். இந்த நோட்டுப் பழக்கம் இல்லாததால்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி ஏன் வழுக்குகிறது என்று யாருக்கும் சொல்ல முடிவதில்லை.

மற்ற வேலைகள் சின்னவை. ஆயில் டிரெய்ன் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி போட்டுக் கட்டுங்கள். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றுங்கள், விளக்குகளுக்கு டேப் ஒட்டுங்கள். ரேடியேட்டரில் கூலண்ட் இருந்தால் இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், கூலண்டில் இருக்கும் கிளைகோல் தாரில் சிந்தினால் பின்னால் வருகிறவர் விழுவார், நம் ஊரில் உறைந்துபோகும் பயமும் இல்லை. செயினை இறுக்கமாக வைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் நிறைய. இந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் அதிகம் அமுங்கும், அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் பேரிங்தான் அடி வாங்கும். வண்டியின் கையேட்டில் எவ்வளவு தொய்வு போட்டிருக்கிறதோ அவ்வளவு. டிராக் நடத்துகிறவர்கள் அனுப்பும் விதிகளை ஒருமுறை முழுக்கப் படியுங்கள், எதைக் கேட்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அப்புறம் இன்சூரன்ஸ்: சாலைக்கு எடுத்த பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் பொதுவாக விலக்கித்தான் எழுதப்பட்டிருக்கும், ஆகவே வண்டிக்கு ஆகும் சேதம் உங்கள் பையிலிருந்து என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

உடைக்கு வருவோம். ஜீன்ஸும் மோட்டோகிராஸ் சட்டையும் போட்டுக்கொண்டு வருகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், படத்தில் அப்படிப் பார்த்திருப்பார்கள். தாரில் சறுக்கினால் அந்தத் துணி ஒரு நொடிகூடத் தாங்காது. லெதர் சூட் வேண்டும், இரண்டு துண்டு என்றால் இடுப்பைச் சுற்றி ஜிப் முழுக்கச் சேர வேண்டும். பழையது வாங்கினாலும் பரவாயில்லை, தையலையும் முதுகுக் காப்பையும் பாருங்கள். பூட்ஸ் மட்டும் மோட்டோகிராஸ் பூட்ஸ்தான், கணுக்காலை அது ஒன்றுதான் காப்பாற்றும். இங்கே ஒரு தவறு வரிசையாக எல்லாரும் செய்வது: புது பூட்ஸை டிராக்கில்தான் முதல்முறை போடுவார்கள். அது பலகை மாதிரி விறைப்பாக இருக்கும், கியர் லீவரின் அடியில் கால் நுழையாது, பிரேக் பெடல் எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியாது. ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடங்கள், வீட்டில் திட்டினாலும் சரி. பிறகு அதைப் போட்டபடியே வண்டியில் உட்கார்ந்து கியர் லீவரை உயர்த்தி, பெடலைச் சரிசெய்யுங்கள்.

இனி கால். இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். சூப்பர்மோட்டோ என்றாலே காலை நீட்டி ஓட்டுவது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்தக் காலில் எடை வைக்கக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. வண்டி சாயும்போது பயத்தில் கால் கீழே ஊன்றும், ஊன்றிய கால் நின்றுவிடும், வண்டி போய்க்கொண்டிருக்கும். அதன் பிறகு முழங்காலோ கணுக்காலோ திருகுகிறது. கால் முன்னே, முன் சக்கரத்தை ஒட்டிப் போக வேண்டும், முழங்கால் கொஞ்சம் மடங்கி, விரல் நுனி மேல்நோக்கி. பூட்ஸின் அடிப்பகுதி தரையை உரசினால் உரசட்டும், மிதிக்கக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ போன கால் தட ஓரத்துச் சிவப்பு வெள்ளைக் கெர்ப்பில் மாட்டி, கால் வைக்கும் ஃபுட்பெக்கின் அடியில் இழுபடும். ஒரு பெரியவர் ஒருநாள் என்னை, வண்டிகள் நிற்கும் பிட்டில் நிறுத்தி, "தம்பி, காலை மறந்துடு, ரெண்டு காலையும் பெக்ல வச்சு நாலு செஷன் ஓட்டு, கால் தானா வரும்" என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. மாலைக்குள் அவர் சொன்னதன் அர்த்தம் உடம்புக்கே புரிந்தது: உள்பக்கக் கையால் வண்டியைக் கீழே தள்ளி, முழங்கையை உயர்த்தி, உடம்பை நிமிர்த்தி, சீட்டின் முன்பக்கத்தில் வெளி ஓரமாக உட்கார்ந்து, எடையை வெளிப் பெக்கில் வைத்தால் காலுக்கு அங்கே வேலையே இல்லை.

பின்சக்கரத்தை வழுக்கவிட்டு வளைவுக்குள் நுழைவதும் அப்படித்தான். முதல் வார இறுதியில் அதை முயற்சி செய்யாதீர்கள். கியர் இறக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இல்லாத ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் கியரைப் படபடவென்று இறக்கினால் பின்சக்கரம் துள்ளும், அதற்குப் பெயர் வழுக்கு இல்லை. முன் பிரேக்கை மெதுவாகத் தொடங்கி அழுத்தமாக முடிப்பதை மட்டும் பழகுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில்.

கொடிகளைப் போவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே, சிவப்பு என்றால் வேகம் குறைத்துப் பிட்டுக்கு, சிவப்பும் மஞ்சளும் கோடு கோடாக இருந்தால் தடம் வழுக்கும். காலையில் தூக்கக் கலக்கத்தோடு கூட்டத்தில் நின்று கேட்டால் மனதில் நிற்காது. விழுந்துவிட்டால் முதலில் பின்னால் வருகிறவர்களைப் பாருங்கள், வண்டியைத் தூக்குவது பிறகு.

உடம்பைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. லெதருக்குள் நம் ஊர் வெயில் என்ன செய்யும் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தாகம் எடுத்த பிறகு குடித்தால் நேரம் கடந்துவிட்டது, ஒவ்வொரு செஷனுக்கு நடுவிலும் தண்ணீரோ ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி உப்புச்சத்துப் பானமோ குடிக்க வேண்டும், சூட்டை இடுப்புவரை கழற்றி நிழலில் உட்கார வேண்டும். மதியம் வாழை இலைச் சாப்பாடு வேண்டாம், இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் சோறும் போதும். முன்கை விறைத்து விரல் பிரேக்கைப் பிடிக்க மறுத்தால் உடனே உள்ளே வந்துவிடுங்கள். ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடிப்பதால் வருவது அது, முழங்காலால் வண்டியைப் பிடித்தால் குறையும். மூன்று மணி வாக்கில் மழை வந்தால் எல்லாரும் மூட்டை கட்டுவார்கள். சாலை டயர் போட்டிருந்தால் நீங்கள் கட்டாதீர்கள், ஈரத்தில் மெல்ல ஓட்டினால் த்ராட்டல் கை பழகும். கார்ட்டுகள் ரப்பர் தேய்த்துவிட்ட கருத்த பாதையையும் பெயிண்ட் அடித்த கெர்ப்பையும் மட்டும் தொடாமல், கொஞ்சம் வெளியே ஓட்டுங்கள்.

கடைசியாக ஏற்றி இறக்குவது. லோரியிலோ ஹைலக்ஸிலோ வண்டியைக் கட்டும்போது முன் ஃபோர்க்கை அடிவரை இறுக்கிக் கட்டுகிறார்கள், எலைட் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் ஃபோர்க் ஆயில் கசியாமல் காக்கும் சீலில்தான் இறங்கும். முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகிக் கட்டுங்கள். ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பட்டைகளை அவிழ்த்துவிட்டுப் படுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் மறுநாள் காலை ஃபோர்க் காலில் ஆயில் வழிந்திருக்கலாம்.