கணினிப் பொருள்களைச் சோதிக்க நாமே ஒரு முறை உருவாக்குவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் 128 ஜிபி மெமரி கார்டு ஒன்று வாங்கினேன். போலி கார்டுகள் உலவுவது தெரியும் என்பதால் வாங்கியதுமே சோதித்தேன். கணினியில் செருகினேன், 119 ஜிபி என்று காட்டியது. அது சரியான கணக்குதான். உறையில் ஆயிரத்தின் மடங்கில் கணக்குப் போட்டு 128 என்று அச்சிடுகிறார்கள், விண்டோஸ் அதையே 1024இன் மடங்கில் கணக்கிட்டு 119 என்று காட்டுகிறது. அப்புறம் இருபது படங்களை ஏற்றித் திறந்து பார்த்தேன். எல்லாம் நன்றாகத் திறந்தன. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கணக்கான படங்களின் பெயர்கள் மட்டும் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. கார்டின் உண்மையான கொள்ளளவு 8 ஜிபிதான்.

சோதித்த பிறகும் ஏமாந்தேன் என்பதுதான் என்னை உறுத்தியது. பிறகு யோசித்தபோது புரிந்தது: இருபது படங்களைப் போட்டுப் பார்க்கும் சோதனையில் அந்தப் போலி கார்டு ஆயிரம் முறை வைத்தாலும் ஆயிரம் முறையும் தேறிவிடும். மோசமான பொருளைத் தோற்கடிக்க முடியாத சோதனையைச் செய்து என்ன பயன்? அன்றிலிருந்து எந்தப் பொருளைச் சோதிப்பதற்கு முன்பும் சோதனை முறையையே முதலில் சோதித்துவிடுகிறேன். அந்த முறையை எப்படி உருவாக்குவது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் சேமிப்புச் சாதனங்களையே எடுத்துக்கொள்கிறேன். ரௌட்டர், மென்பொருள் நூலகம் (நம் நிரலில் சேர்த்துப் பயன்படுத்த மற்றவர்கள் எழுதி வைத்த நிரல் தொகுப்பு), ஆப் எதுவானாலும் வழி இதேதான்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இந்த எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் தரவைச் சேமிக்கும் சாதனம்) நல்லதா?" என்ற கேள்வியை அளக்க முடியாது. "200 ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் ஏற்ற எவ்வளவு நேரமாகும், ஏற்றியது ஒரு பிட் மாறாமல் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டால் அளக்கலாம். உங்கள் கேள்வியில் யார், எதற்காக, எவ்வளவு என்பது இருக்க வேண்டும்.

எதையாவது மறந்துவிடுவோமோ என்ற பயம் இருந்தால் ஐஎஸ்ஓ 25010 என்ற தரநிலையின் பட்டியலை ஒரு முறை பாருங்கள். மென்பொருள் தரத்தை அதன் 2011 பதிப்பு எட்டுப் பண்புகளாகப் பிரிக்கிறது: செயல்பாட்டுப் பொருத்தம், செயல்திறன், மற்றவற்றோடு ஒத்துப்போதல், பயன்படுத்த எளிமை, நம்பகத்தன்மை, பாதுகாப்பு, பராமரிக்க எளிமை, வேறு சூழலுக்கு மாற்றும் வசதி. 2023 பதிப்பில் ஆபத்தின்மையும் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. எல்லாவற்றையும் அளக்கப் புறப்பட்டால் ஒன்றையும் உருப்படியாக அளக்க மாட்டீர்கள். உங்கள் கேள்விக்குத் தேவையான இரண்டு அல்லது மூன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

படி 2: உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. எனக்கோ இதுதான் மொத்த வேலையிலும் பாதி.

பல எஸ்எஸ்டிகள் தங்கள் செல்களில், அதாவது தரவைத் தேக்கும் நுண் அறைகளில், ஒரு பகுதியை ஒரு செல்லுக்கு ஒரே பிட் என்ற வேகமான முறையில் பயன்படுத்துகின்றன. வரும் தரவு முதலில் அங்கே போகும். அந்த இடம் நிரம்பிவிட்டால் வேகம் சட்டென்று இறங்கிவிடும். இது தெரியாமல் 1 ஜிபி கோப்பை எழுதி வேகம் பார்த்தால் நீங்கள் அளப்பது அந்த முன்வாசலை மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் எஸ்எஸ்டி 40 ஜிபி வரை நொடிக்கு 1000 எம்பி வேகத்தில் எழுதுகிறது, அதற்குப் பிறகு நொடிக்கு 100 எம்பி. இரண்டாவது எஸ்எஸ்டி தொடக்கம் முதல் முடிவு வரை நொடிக்கு 400 எம்பி. 1 ஜிபி சோதனையில் முதலாவதுதான் ஜெயிக்கும், அதுவும் இரண்டரை மடங்கு வித்தியாசத்தில். 200 ஜிபி ஏற்றினால்? முதலாவதுக்கு 40 நொடியும் 1600 நொடியும் சேர்ந்து 27 நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது 500 நொடியில், அதாவது எட்டரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். அதே இரண்டு பொருள்கள்தான். கேள்வியோடு சேராத சோதனை விடையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

இதே மாதிரி இன்னும் சில பொறிகள் உண்டு. நீங்கள் எழுதும் தரவை இயங்குதளம் முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொள்ளும். திரையில் வேலை முடிந்தது போலத் தெரியும், உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். எழுதிய உடனே திரும்பப் படித்தால் ராமில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் சாதனத்தை முறைப்படி வெளியே எடுத்து, மறுபடி செருகிய பிறகுதான் படித்துச் சரிபார்க்க வேண்டும். சில சாதனங்களை உள்ளிருந்து இயக்கும் கன்ட்ரோலர் சிப்கள் தரவைச் சுருக்கி எழுதும். வெறும் பூஜ்யங்களை எழுதிச் சோதித்தால் வேகம் பொய்யாகக் கூடித் தெரியும், ஆகவே சுருக்க முடியாத தாறுமாறான தரவு வேண்டும். சாதனம் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: செய்முறையை எழுதி வையுங்கள்

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, உங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், இன்னொருவர் அதே சோதனையைச் செய்ய முடிய வேண்டும். எந்தக் கணினி, எந்த யுஎஸ்பி போர்ட், எந்தக் கேபிள், சாதனம் காலியாக இருந்ததா பாதி நிரம்பியிருந்ததா, இரண்டு சோதனைகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஆற விட்டீர்கள் என எல்லாவற்றையும் எழுதுங்கள். கேபிளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பழைய யுஎஸ்பி 2.0 கேபிள் ஒன்று நடுவில் வந்துவிட்டால் எந்த எஸ்எஸ்டியும் ஆமையாகிவிடும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

படி 4: சோதனையைச் சோதியுங்கள்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

முதலில், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றையும் கெட்டது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றையும் உங்கள் முறைக்குக் கொடுங்கள். நல்லது தேற வேண்டும், கெட்டது தோற்க வேண்டும். கெட்டது கைவசம் இல்லையென்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள். ஒரு கோப்பை நகலெடுத்து, ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்த உதவும் மென்பொருள்) ஒரே ஒரு பைட்டை மாற்றிவிட்டு, உங்கள் ஒப்பிடும் நிரல் அதைக் கண்டுபிடிக்கிறதா பாருங்கள். கண்டுபிடிக்கவில்லை என்றால் பொருளை ஓரமாக வைத்துவிட்டு முறையைத் திருத்துங்கள்.

போலி கார்டு விஷயத்தில் இந்தப் படி எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு நுணுக்கத்தைச் சொல்கிறேன். கார்டு முழுவதையும் நிரப்பித் திரும்பப் படித்து ஒப்பிடுவது என்று முடிவு செய்து, ஒரே 1 எம்பி தரவைத் திரும்பத் திரும்ப எழுதும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அந்த 8 ஜிபி போலியைக் கொடுத்தேன். தேறிவிட்டது! காரணம் என்னவென்றால், சில போலிகள் உண்மையான இடம் தீர்ந்ததும் முதலிலிருந்து பழையதன் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். எங்கே படித்தாலும் ஒரே தரவு என்றால் மேலே எழுதியது எப்படித் தெரியும்? ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அதன் வரிசை எண்ணை வைத்து எழுதிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. 500ஆவது துண்டைக் கேட்டால், பல சுற்றுக்குப் பின் அதன் மேல் எழுதிய வேறு ஒரு துண்டு வந்து நின்றது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இந்த வேலையைத்தான் ஒழுங்காகச் செய்கின்றன, நீங்கள் நிரல் எழுத வேண்டியதில்லை. ஆனால் கெட்ட பொருளை வைத்துச் சோதித்திராவிட்டால் என் முறையில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுத்து, ஒரே பொருளை ஒரே முறையில் ஐந்து தடவை அளந்து பாருங்கள். எழுதும் வேகம் நொடிக்கு 412, 405, 398, 431, 409 எம்பி என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 411. இன்னொரு பொருளின் சராசரி 418. இரண்டாவதே மேல் என்று சொல்லலாமா? கூடாது. ஒரே பொருளே 398க்கும் 431க்கும் நடுவே 33 அளவு ஆடுகிறது, அதற்குள் 7 என்பது ஒன்றுமேயில்லை. ஆட்டத்தைக் குறைக்க வழி தேடுங்கள். முடியவில்லை என்றால் "இரண்டும் எனக்கு ஒன்றுதான்" என்று எழுதிவிடுங்கள், அதுவும் நல்ல விடைதான். முடிந்தால் வேறு ஒருவரையும் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவருக்கும் எண் எக்கச்சக்கமாக மாறினால் படி 3இல் ஏதோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

மென்பொருள் கூறுகளுக்கும் இப்படித்தான். தமிழ் உரையில் தேடித் தரும் நூலகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வையுங்கள். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் (எழுத்துகளுக்குக் கணினி பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறை) இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் 'கொ'தான், கணினிக்கு வேறு வேறு. 'கொடி' என்ற சொல்லை இரண்டு விதமாகவும் எழுதிச் சோதனைக் கோப்பில் வையுங்கள். ஒரு விதத்தில் தேடும்போது இரண்டும் கிடைக்க வேண்டும். இந்த மாதிரி வேண்டுமென்றே வைத்த கண்ணிகள் இருபது இருந்தாலே போதும், ஆயிரம் சாதாரணச் சொற்களை விட அவை அதிகம் சொல்லும்.

படி 5: தேர்ச்சி அளவை முன்பே முடிவு செய்யுங்கள்

எண்களைப் பார்த்த பிறகு எல்லை வகுத்தால், பிடித்த பொருளுக்கு ஏற்ப எல்லை நகர்ந்துவிடும். எனக்கே நடந்திருக்கிறது. ஆகவே அளப்பதற்கு முன் எழுதுங்கள். எதை வைத்து முடிவு செய்வது என்று தெரியாவிட்டால், மென்பொருளின் பதில் வேகத்துக்குப் பயன்பாட்டு எளிமை பற்றி ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993இல் தொகுத்துச் சொன்ன எல்லைகள் நல்ல தொடக்கம். 0.1 நொடிக்குள் வந்தால் உடனடியாக வந்தது போலிருக்கும், 1 நொடி வரை சிந்தனை அறுபடாது, 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். இங்கே சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். நூறு தேடலில் 95 அரை நொடியில் வந்து ஐந்து மட்டும் 20 நொடி எடுத்தால் சராசரி ஒன்றரை நொடிக்குக் கீழேதான் நிற்கும். அந்த ஐந்து பேருக்கு அது ஆறுதலா? நடு மதிப்பையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) மிக மோசமான ஐந்தையும் தனித்தனியாக எழுதுங்கள்.

எல்லாவற்றையும் கூட்டி "நூற்றுக்கு 82" என்று ஒரே மதிப்பெண் போடுவது எனக்குப் பிடிக்காது. தரவைத் தொலைக்கும் எஸ்எஸ்டி வேகத்தில் முழு மதிப்பெண் வாங்கி அந்தத் தவறை மறைத்துவிடும். தரவு பத்திரமா என்பது வாசல்படி, அதில் தடுக்கினால் உள்ளே வர முடியாது. வாசலைத் தாண்டியவற்றை மட்டும் வேகத்திலும் மற்றதிலும் ஒப்பிடுங்கள்.

படி 6: ஆட்களிடம் கேட்க வேண்டியதை ஆட்களிடம் கேளுங்கள்

பயன்படுத்த எளிதா என்பதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் என்ற கேள்வித்தாள் இருக்கிறது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகளில் பதில், முடிவு 0 முதல் 100 வரை. அதைச் சதவீதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாக்கியங்கள் ஒன்று விட்டு ஒன்று புகழ்ச்சியாகவும் குறையாகவும் இருக்கும், அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரின் பதில்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கேள்வித்தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலையைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "அந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்லிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது.

படி 7: முறைக்குப் பதிப்பு எண் கொடுங்கள்

ஒரு சோதனை பிரபலமானதும் பொருள்களை அந்தச் சோதனைக்காகவே தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கணினி வேகத்தை ஒரே தராசில் நிறுக்க 1988இல் ஸ்பெக் என்ற அமைப்பு உருவானது. அதன் 1989 சோதனைத் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று ஒரு நிரல் இருந்தது. கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எழுதுபவர்கள் அந்த நிரலின் போக்கைப் புரிந்துகொண்டு, அதன் மதிப்பெண் மட்டும் பல மடங்கு எகிறும்படி செய்துவிட்டார்கள். கணினி அதேதான், மற்ற வேலைகளின் வேகமும் அதேதான். 1992 தொகுப்பில் அந்த நிரலை எடுத்துவிட்டார்கள்.

நம் சிறிய முறைக்கும் வயதாகும். இன்று 200 ஜிபி போதும், நாளை எஸ்எஸ்டியின் வேகமான பகுதியே அதை விடப் பெரியதாகலாம். சோதனைத் தரவை அவ்வப்போது மாற்றுங்கள். மாற்றும்போதெல்லாம் பதிப்பு எண்ணைக் கூட்டி, தேதியோடு முடிவுத்தாளின் தலையில் எழுதுங்கள். பதிப்பு 1இல் வந்த எண்ணையும் பதிப்பு 2இல் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். பழைய பொருள் கையில் இருந்தால் அதைப் புது முறையில் மறுபடி அளந்துவிடுங்கள். நான் அந்தப் போலி கார்டைத் தூக்கிப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் முதலில் அதைத்தான் செருகுகிறேன்.