வேருக்குள் தோலுரிக்கும் நூற்புழுவைப் பார்க்கும் முறை

உதகை விஜயநகரத்தில் 1961ஆம் ஆண்டு முதன்முதலாகக் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழுவை, வேரில் கடுகினும் சிறிய மணிகளாக அது வெளித்தெரிந்த பிறகே நாம் பெரும்பாலும் கவனிக்கிறோம். அதற்குள் அதன் நான்கு தோலுரிப்புகளும் முடிந்திருக்கும். வேளாண் மாணவர்கள் அவற்றை அந்தந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

முதல் தோலுரிப்பு முட்டைக்குள்ளேயே நிகழ்கிறது. முட்டைகளைச் சுமந்தபடி இறந்த பெண்புழுவின் கெட்டிப்பட்ட உடலே கூடு; பழைய கூடு ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரிலிட்டு மெல்ல நசுக்கினால், முட்டைகளுக்குள் மடிந்து கிடக்கும் இரண்டாம் பருவ இளம்புழுக்கள் நுண்ணோக்கியில் தெரியும். அவற்றின் தலைப்பக்கத்தில் குத்தூசி, அதாவது வேரைத் துளைக்கும் ஊசிபோன்ற வாயுறுப்பு, இருந்தால் முதல் தோலுரிப்பு முடிந்துவிட்டது என்று பொருள். உருளைக்கிழங்கு வேரின் கசிவு மண்ணில் பரவும்போதுதான் இவற்றுள் பெரும்பாலானவை வெளிவரும். அதுவரை பல ஆண்டுகள் கூட்டுக்குள்ளேயே உயிரோடு காத்திருக்கும்.

எஞ்சிய மூன்றும் வேருக்குள் நிகழ்வதால் சாயமேற்றியே பார்க்க முடியும். ஏப்ரலில் நட்ட கார்போகப் பயிரில், முளை வெளிவந்த இரண்டாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு செடியைத் தோண்டுங்கள். பிடுங்கினால் நமக்கு வேண்டிய மெல்லிய வேர்கள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரைக் கழுவி, 1.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 4 நிமிடம் வைத்து, பிறகு நல்ல நீரில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். இந்த ஊறலைக் குறைக்கக் கூடாது. தங்கிவிடும் குளோரின் சாயத்தை வெளுத்துவிடும், அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுவாயுவும் எழும். 3.5 கிராம் ஆசிட் ஃபுக்சின் என்னும் செஞ்சாயத்தை 250 மில்லி அசிட்டிக் அமிலமும் 750 மில்லி வாலைவடி நீரும் சேர்த்துக் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 1 மில்லியை 30 மில்லி நீரில் கலந்து, வேரை அதில் அரை நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் அலசி, சில துளி அமிலம் சேர்த்த கிளிசரினில் சூடாக்கினால் வேர் நிறமிழக்கும், புழு செந்நிறமாக நிற்கும்.

நூல்போல் மெலிந்திருப்பது இரண்டாம் பருவம்; தடித்துப் புடைத்திருப்பது மூன்றாம் பருவம். நான்காம் பருவத்தில்தான் ஆணும் பெண்ணும் தெளிவாகப் பிரிந்து தெரியும்: பெண் குடுவைபோல் உப்பும், ஆணோ உண்பதை நிறுத்தி, உரிந்த தோலே உறையாக அமைய, அதனுள் மீண்டும் நீண்ட புழுவாகிச் சுருண்டிருக்கும். இக்காட்சிக்காகவே எல்லா வாரமும் தோண்டலாம். உணவு போதாத வேரில் ஆண்கள் மிகுவதால், நெருக்கமாகத் தாக்கப்பட்ட வேரிலேயே அவற்றைத் தேடுங்கள்.

பெண்புழு வேரைப் பிளந்து வெளியே தெரியத் தொடங்கியதும் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெண்மையிலிருந்து பொன்மஞ்சளாகிப் பின் பழுப்பாவது தங்க நூற்புழு. மஞ்சள் கட்டமே இல்லாமல் பழுப்பாவது வெண் நூற்புழு. நீலகிரியில் இரண்டும் உண்டு.

தோண்டிய இடத்திலேயே மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிவிட்டு, வேரை மட்டும் மூடிய டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். பார்த்து முடித்த வேரையும் கழுவிய நீரையும் கொதிக்கவைத்த பிறகே கொட்டுங்கள்.