டிரேட் டெஸ்டுக்குப் பணம் கேட்டால்: கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

திருவொற்றியூர் நெடுஞ்சாலைச் சுவர்களிலும் தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கத்து மின்கம்பங்களிலும் ஒட்டப்படும் வளைகுடா வேலை விளம்பரங்களை நம்பி விசாரிக்கப் போகும் வெல்டரிடம் முதலில் கேட்கப்படுவது, டிரேட் டெஸ்ட் எனப்படும் தொழில் திறன் தேர்வுக்கான கட்டணம். பணம் கேட்டாலே மோசடி என்று ஒதுக்கிவிடச் சொல்வது எளிது. ஆனால் அந்த அறிவுரை இந்தத் தொழிலுக்கு முழுவதும் பொருந்தாது. வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற தொழில்களுக்கு வருவோரின் திறனைச் சவுதி அரேபியா அவரவர் நாட்டிலேயே சோதித்துப் பார்க்கிறது. தக்காமுல் என்ற பெயரில் நம் ஆட்கள் அறிந்திருக்கும் அந்தத் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. அது மோசடி அன்று. ஆகவே, அந்தப் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

தக்காமுல் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர் அத்திட்டத்தின் சொந்த இணையதளத்தில் பதிவுசெய்து, கட்டணத்தையும் அங்கேயே செலுத்தி, மையத்தையும் நாளையும் தேர்ந்துகொள்கிறார். "அதெல்லாம் உனக்குப் புரியாது தம்பி, என் நம்பருக்கு ஜிபே பண்ணு, நானே போட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், தேர்வு உண்மையானதாக இருந்தும் நடுவில் நிற்பவர் உண்மையானவராக இல்லாமல் போகலாம். தளத்தில் காட்டும் தொகையையும் அவர் கேட்கும் தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவருடைய பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பொறியியல் படித்தவர்கள் எழுதும் அம்கேட், இலிட்மஸ் போன்ற தேர்வுகளுக்கும் கட்டணம் உண்டு. ஆனால் அந்த மதிப்பெண் எழுதியவருக்குச் சொந்தம், அதைப் பல நிறுவனங்களிடம் காட்டலாம். மாறாக, பணம் வாங்கும் நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் செல்லாத தேர்வு என்றால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பேரிடம் ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கினால் 3 லட்சம். அந்த வருமானத்துக்கு ஒருவரையும் வேலைக்கு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து, தேர்வையே உற்றுப் பார்க்க வேண்டும். தொழில் தெரிந்தவர் நடத்தும் வெல்டிங் தேர்வில் எந்த நிலையில் பற்ற வைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்: நிமிர்த்தி நிறுத்திய பிளேட்டில் 3ஜியா, 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிய பைப்பில் 6ஜியா, ஆர்க் வெல்டிங்கா டிக் வெல்டிங்கா, பைப்பின் அளவு என்ன என்பதெல்லாம் அதில் அடங்கும். அடையாள அட்டையைச் சரிபார்த்து, உங்களுக்குரிய எண்ணைக் கூப்பனில், அதாவது நீங்கள் பற்ற வைக்கப்போகும் சோதனைத் துண்டில், பதிப்பார்கள். ரூட் எனப்படும் முதல் அடுக்கைப் போட்டு முடித்ததும் ஒருவர் வந்து பார்த்த பிறகே மேலே போட விடுவார்கள். எல்லாம் முடிந்தபின் கண்ணால் பார்த்து, எக்ஸ்ரேக்கோ வளைத்துப் பார்க்கும் சோதனைக்கோ அனுப்புவார்கள். பைப், ராடு, ஆர்கான், எக்ஸ்ரே என்று செலவு இருப்பதால் கட்டணம் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இவற்றில் ஒரு செலவும் இல்லாமல் கட்டணம் மட்டும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் மணலிப் பக்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு கொட்டகையில் நானும் இப்படி ஒரு தேர்வு கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு பேருக்கு ஒரே மெஷின், ஒரே பிளேட் துண்டு. ஆளுக்கு ஒரு பீட், அதாவது ஒரு வரி வெல்டிங், இழுக்கச் சொன்னார்கள், இழுத்ததை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மாலையில் பன்னிரண்டு பேரும் பாஸ் என்று அறிவித்தார்கள். துணைக்கு வந்து, சும்மா நிற்பானேன் என்று பணம் கட்டிய என் பக்கத்து வீட்டுக்காரர் அன்றுதான் முதன்முதலாக ஹோல்டரைப் பிடித்தார், அவரும் பாஸ். யாருமே தோற்க முடியாத தேர்வு என்றால் அங்கே நடப்பது வசூல் மட்டும்தான். ஆகவே, போன முறை எத்தனை பேர் ஃபெயில் ஆனார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஏஜென்டைச் சரிபார்ப்பது அவ்வளவு கடினமன்று. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். சுவரொட்டியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, இப்படி ஒரு தேர்வு நடக்கிறதா என்று கேட்க வேண்டும், ஏனெனில் உண்மையான உரிமதாரரின் பெயரைப் போலிகள் போட்டுக்கொள்வது வழக்கம். ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு உண்டு, அதற்கு ரசீதும் தர வேண்டும். டெஸ்டுக்குத் தனி, ஃபைலுக்குத் தனி, விசா ஸ்டாம்பிங்குக்குத் தனி என்று ரொக்கமாகப் பிரித்து வாங்குபவர் அந்த வரம்பைத் தாண்டுகிறாரா என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மனதுக்கு ஒப்பவில்லையென்றால், தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனிலும் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க முடியும்.

தேர்வுக்கு நமக்கே பணம் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு போன்ற வேலைகளில் மாதிரி வேலைக்கு ஊதியம் தரும் நேர்மையான நிறுவனங்கள் உண்டு; அவை தொகையை எழுத்தில் சொல்லி, வேலை முடிந்தபின் வங்கிக் கணக்கில் போடும். டெலிகிராமில் வந்து, முதல் நாள் 150 ரூபாய் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் டெபாசிட் கேட்பவர் போட்டது தூண்டில் புழு. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. உங்கள் கணக்கில் வரும் பணத்தை இன்னொருவருக்கு அனுப்புவதே தேர்வு என்று சொன்னால் உடனே விலகிவிடுங்கள், ஏனெனில் அது திருட்டுப் பணமாக இருந்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு.

ஏற்கெனவே இணையவழியில் கட்டி ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்றே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் பணத்துக்கு முன்பாக அதைத் திரும்ப வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் காவல் நிலையத்திலும் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் எழுத்துமூலம் புகார் தரலாம். கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லாவிட்டாலும், அந்தச் சுவரொட்டியின் மேல் வேறொன்றை ஒட்டுவதற்குள் அதை எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.