தண்டுவடத்தை நீங்களே வரைந்து பாருங்கள்

பேப்பர், பென்சில், நீலம், சிவப்பு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கழுத்துக்கறி வாங்கியிருந்தால் இன்னும் நல்லது: எலும்புத் துண்டின் ஓட்டைக்குள் வெள்ளையாக, மெத்தென்று ஒரு கயிறு இருக்குமே, அதுதான் ஆட்டின் தண்டுவடம். நம்முடையதும் அதே அமைப்புதான், ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமன், சுமார் 45 செ.மீ. நீளம்.

அந்தக் கயிற்றைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகத்தைத்தான் வரையப்போகிறோம். முதலில் கொஞ்சம் தட்டையான ஒரு வட்டம். மேலே 'முதுகு', கீழே 'வயிறு' என்று உடனே எழுதிவிடுங்கள், இதை விட்டால் கடைசிவரை குழப்பம்தான். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், அது மையக்குழாய். அதைச் சுற்றி ஒரு பட்டாம்பூச்சி. முதுகுப்பக்கச் சிறகுகள் ஒல்லியாக விளிம்பை நெருங்கட்டும், வயிற்றுப்பக்கச் சிறகுகள் குட்டையாக, குண்டாக இருக்கட்டும். பட்டாம்பூச்சிக்குப் பென்சிலால் நிழல் கொடுங்கள். நரம்புச் செல்களின் உடல்கள் இருக்கும் சாம்பல் பகுதி இதுதான். சுற்றியிருக்கும் வெண்பகுதியில் மூளைக்கும் உடலுக்கும் இடையே ஓடும் நரம்பிழைகள். பெருமூளையில் சாம்பல் வெளியே, வெண்மை உள்ளே, இங்கே தலைகீழ்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒல்லிச் சிறகிலிருந்து வெளியே ஒரு நீலக் கோடு இழுத்து, அதன் வழியில் சின்னப் புடைப்பு ஒன்று போடுங்கள். உணர்வு உள்ளே வரும் வேர் இது, அந்த உணர்வுச் செல்களின் உடல்கள் புடைப்புக்குள் இருக்கின்றன. குண்டுச் சிறகிலிருந்து சிவப்புக் கோடு: தசைக்குக் கட்டளை வெளியே போகும் வேர். புடைப்பைத் தாண்டியதும் இரண்டையும் சேர்த்துவிடுங்கள், அதுதான் தண்டுவட நரம்பு. 1822-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மஜாந்தி நாய்க்குட்டிகளில் இந்த வேர்களைத் தனித்தனியே வெட்டிப் பார்த்தார். முதுகுப்புற வேரை வெட்டினால் உணர்வு போனது, வயிற்றுப்புற வேரை வெட்டினால் அசைவு போனது.

இப்போது தோசைக்கல்லில் விரல் பட்டதாக நினைத்து, நீலத்தில் உள்ளே வந்து, பட்டாம்பூச்சிக்குள் திரும்பி, சிவப்பில் வெளியேறுங்கள். கை விலகிவிட்டது, 'சுடுது' என்று மூளைக்குத் தெரிவது அப்புறம்தான்.

மறுபக்கமும் இதையே வரைந்தால் ஒரு ஜோடி. மனிதருக்கு 31 ஜோடி: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் (இடுப்பெலும்புகளுக்கும் வாலெலும்புக்கும் நடுவே உள்ள எலும்பு) 5, வாலெலும்பில் 1. கழுத்தெலும்பு 7, நரம்பு மட்டும் எப்படி 8? முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலேயே வெளியேறிவிடுகிறது, எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழே. ஆட்டுக்கும் கழுத்தில் இதே கணக்குதான்.

இன்னொன்று, தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு முதல் இரண்டு இடுப்பெலும்புகளின் அருகே முடிந்துவிடும், அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரைவால் போலத் தொங்கும். சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியை அதற்கும் கீழே, பெரும்பாலும் மூன்றாம், நான்காம் இடுப்பெலும்புகளுக்கு இடையே இறக்குவது அதனால்தான்.